ஒரு அணா டிபன்!

மெட்ரோவுல ஆயிரம் விளக்கு ஸ்டேஷனைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ். நம்ம ஊர் மதிய உணவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்த ஏரியா மாநகராட்சிப் பள்ளிதான்!

வருஷம் 1920. பசங்க பசியால பள்ளிக்கூடம் பக்கமே வரலை. ‘ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம டிபன்’னு முடிவெடுத்தது பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி. கூட்டம் சேர்ந்தது. இன்னும் 4 பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது. ஆனா, 1925-ல் ஆங்கில அரசு நிதிக்குக் கைவிரிக்க, அடுப்பு அணைஞ்சது.

அப்புறம் 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு... வயிற்றுப் பிரச்னைக்கு வழி பிறந்தாச்சு. பாடம்?

இங்கேதான் சிக்கல். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரை அஞ்சு கிளாஸ்... ரெண்டே டீச்சர்! ஒருத்தருக்குக் காய்ச்சல்னா? தெருவுக்குள்ள நர்சரி ஸ்கூல் வேன் வர வர, இங்கே பிள்ளைகள் குறையுது; தலை குறைஞ்சா டீச்சரும் குறையும். அதைப் பார்த்து மிச்சப் பெற்றோரும் நழுவுறாங்க.

இதைத் தட்டிக் கேட்க அதே சட்டத்துல வழி இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். உங்க தம்பி, தங்கச்சி மாநகராட்சிப் பள்ளியில படிக்கிறாங்களா? அடுத்த கூட்டத்துக்கு அம்மாவைக் கட்டாயம் அனுப்புங்க. கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இன்னொரு டீச்சர் எப்ப வருவாங்க?”