நாற்சக்கர இயக்க வண்டியில் எரிவாயுத் தொட்டி

பெங்களூரு நகரத்தில் ஆட்டோ ரிக்‌ஷாக்களில் மிகப்பல திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவினால் ஓடுகின்றன. தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் நீலசந்திராவின் குறுகலான தெருக்களில் இவ்வண்டிகள் வீட்டு வாசல்களை ஒட்டி நிற்பதைக் காணலாம். அதே தெருவில் ஒருவர் பெட்ரோலில் ஓடும் பெரிய ஜீப் வகை வண்டியை வைத்திருப்பாராயின், ஆட்டோவுக்கு ஆகும் வாயு தம் வண்டிக்கு ஏன் ஆகாது என்ற கேள்வி அவருக்கு எழுவது இயல்பே. ஆகும் என்பதே விடை. 2000ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், உரிய அனுமதியுடன் இவ்வெரிபொருளைப் பயன்படுத்துவதற்கு வழி ஏற்பட்டது. ஆயினும் நான்கு சக்கரங்களும் இயக்கம் பெறும் பெரிய வண்டியில் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும் அதற்கு இடம் காண்பதும் ஆட்டோவில் உள்ளதைப் போல எளிய வேலையல்ல.

முதலில் எஞ்சினைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இவ்வகைப் பெரிய வண்டிகளுள் பல டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை; அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பெட்ரோலிய வாயுவோ அவ்வாறு எளிதில் தானே பற்றிக்கொள்வதில்லை. அதற்குத் தீப்பொறி தேவை. ஆகவே டீசல் வண்டியில் தொட்டியையும் குழாயையும் மட்டும் மாட்டிவிட்டால் போதும் என்று எவரேனும் கூறினால் அதை நம்பலாகாது. 3.5 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிகளில் டீசல் எஞ்சினை நீக்கிவிட்டு, அங்கீகாரம் பெற்ற வாயு எஞ்சினைப் பொருத்துவதற்கு 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு விதி செய்தது. ஆனால் அது செலவு மிகுந்த வேறொரு காரியம். இங்குக் கூறப்படுவது பெட்ரோல் எஞ்சினுள்ள வண்டிக்கே பொருந்தும்.

தொட்டிக்குள் நிகழ்வது

இவ்வெரிபொருள் புரொப்பேன், பூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. சாதாரணக் காற்றமுக்கத்தில் புரொப்பேன் பூஜ்யத்திற்குக் கீழ் 42 டிகிரி சென்டிகிரேடிலும், பூட்டேன் ஏறத்தாழப் பூஜ்ய டிகிரியிலும் கொதிக்கின்றன. மூடிய கலத்தில் அடைபட்டு, தம் ஆவியின் அமுக்கத்தைத் தாமே தாங்கி நிற்பதால்தான் அவை திரவமாக இருக்கின்றன. இந்த அமுக்கம் தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. உஷ்ணநிலையையும் கலவையின் விகிதத்தையுமே பொறுத்தது. 20 டிகிரியில் புரொப்பேனின் ஆவியமுக்கம் காற்றமுக்கத்தைப் போல் எட்டு மடங்குக்குச் சற்று மேல். 50 டிகிரியில் பதினேழு மடங்கு. பூட்டேனுக்கு இவை முறையே இரண்டும் ஐந்தும் ஆகும்.

அமுக்கத்தைத் தாங்கும்படி எஃகுத் தொட்டியைச் செய்துவிடலாம். அதைவிட அஞ்ச வேண்டியது திரவத்தின் விரிவு. 15 டிகிரியில் 100 லிட்டராக உள்ள புரொப்பேன் திரவம் 50 டிகிரியில் ஏறத்தாழ 113 லிட்டராகப் பெருகிவிடும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், விரியும் திரவத்திற்கு இடமின்றிப் போகும். ஆவி அமுங்கிக் கொடுக்கும். திரவம் அவ்வாறு கொடுக்காது. அப்போது எழும் அமுக்கம் எஃகையும் பிளக்க வல்லது. இக்காரணம் பற்றியே வண்டித் தொட்டியில் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. அந்த அளவை எட்டியதும் மிதவை ஒன்று உயர்ந்து வால்வைத் தானே மூடிவிடும். எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று எண்ணி, மிதவையைத் திருத்தி 'முழுத் தொட்டி' நிரப்பித் தருவதாகக் கூறும் பட்டறை வண்டியின் உள்ளே வெடியை வைத்து அனுப்புகிறது என்றே கொள்ள வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்ட விரும்பினால், பெட்டிக்கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர் ஒன்று போதும். அதனுள் இருப்பது பெரும்பாலும் பூட்டேன். திரவத்தின் மேல் வெற்றிடம் போலத் தோன்றும் பகுதி உண்மையில் ஆவியால் நிறைந்தது. வண்டித் தொட்டியின் சிறிய மாதிரியே அது. (அதைச் சூடாக்கிக் காட்ட முயல வேண்டாம்.)

எவ்வளவு பெரிய தொட்டி?

விற்பனையில் கூறப்படும் அளவு பெரும்பாலும் தண்ணீர்க் கொள்ளளவாகும். 60 லிட்டர்த் தொட்டி என்றால் அதில் ஏறுவது 48 லிட்டரே. மேலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் தரும். ஒரு லிட்டர் திரவ வாயு தருவதோ சுமார் 25 மெகாஜூல். எனவே லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி, வாயுவில் 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். 48 லிட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நீலசந்திராவிலிருந்து மைசூர் சென்று திரும்புவதற்கு இது ஒருவாறு சரியாக இருக்கும். ஓசூருக்குச் சென்று திரும்பும் நாள்வேலைக்கு 40 லிட்டர்த் தொட்டியே தாராளம்.

பெரிய வண்டிக்குப் பெரிய தொட்டி என்னும் ஆசை இங்குதான் தடுக்கப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் நெடுந்தொலைவுக்கு எரிபொருள் நிலையம் இராது; அங்கே பெரிய தொட்டிக்குப் பொருள் உண்டு. நம் வண்டியில் பெட்ரோல் தொட்டி தன் இடத்திலேயே இருக்கிறது. வாயு தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். 90 லிட்டர்த் தொட்டி நிறைந்தால் எரிபொருள் மட்டுமே 40 கிலோகிராம் அளவுக்கு இருக்கும். எஃகின் எடை வேறு. இவ்வெடை முழுவதும் பின்அச்சின் மேலோ அதற்கும் பின்னாலோ அமர்வதால், சுமையேற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்களின் பிடி தளர இடமுண்டு.

இடமும் பொருத்துதலும்

தொட்டிகள் இரு வடிவின. ஒன்று உருளை, மற்றது உளுந்து வடையைப் போல நடுவில் துளையுடைய வளையம். வளையத் தொட்டி மாற்றுச் சக்கரம் வைக்கும் குழிக்கென அமைந்தது. சிறிய காரில் அது நன்கு பொருந்தும். பெரிய வண்டிகளிலோ மாற்றுச் சக்கரம் பின்கதவின் வெளியே தொங்கும், அல்லது பின்புற அடிப்பாகத்தில் கட்டப்பட்டிருக்கும். பின்கதவில் தொங்கும் வண்டியானால், உருளைத் தொட்டியைப் பின்இருக்கைக்குப் பின்னால் குறுக்காக வைப்பதே எளிது. சாமான்கள் வைக்கும் இடம் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தொங்கும் வண்டியானால், சக்கரத்தை எடுத்துவிட்டு அங்கே வளையத் தொட்டியைப் பொருத்தத் தோன்றும். அவ்வாறு செய்யுமுன் வண்டிக்கு முழுச் சுமையேற்றி அளந்து பார்ப்பது அவசியம். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் 67ஆம் விதி, தரையிலிருந்து தொட்டிக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டர் இடைவெளியும், புகைக்குழாயிலிருந்து 100 மில்லிமீட்டர் தூரமும் அல்லது தக்க வெப்பத்தடுப்பும் வேண்டும் என்கிறது. காட்டுப் பாதையிலும் கல்மேட்டிலும் செல்லும் வண்டிக்கு 200 மில்லிமீட்டர் போதாது. தொட்டி வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்பாக அமையவே கூடாது. பின்அச்சு மேலும் கீழும் ஆடும் எல்லையையும், முன்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டின் பக்கத்தையும் விட்டு விலகியிருக்க வேண்டும்.

தொட்டியைத் தாங்க வேண்டியது வண்டியின் சட்டமே அன்றித் தரைத்தகடு அன்று. முற்கூறிய விதியின்படி, முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கும், பக்கவாட்டில் 8 மடங்கும் உள்ள விசையைக் கட்டுமானம் தாங்க வேண்டும். தொட்டியும் வாயுவும் சேர்ந்து 60 கிலோகிராம் என்றால், மோதலின்போது அது 1,200 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் முன்னிருப்போரை நோக்கிப் பாய முயலும். மெல்லிய தகட்டில் நான்கு போல்ட்டுகளைத் துளைத்து மாட்டியவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான். எஃகுப் பட்டைகளுக்கும் தொட்டிக்கும் இடையே ரப்பர் வைக்க வேண்டும். இன்றேல் உராய்ந்து துரு ஏறும். தொட்டியின் மேல் பற்றவைப்பு வேலை எதுவும் செய்யலாகாது.

தொட்டி வண்டிக்குள் இருந்தால், வால்வுகளின் மேல் வாயு கசியாத உறை ஒன்று வேண்டும். அதிலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். புரொப்பேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பூட்டேன் ஆவி இரு மடங்கும் கனமானவை. கசிந்த வாயு மேலே போகாமல் தரையில் தவழ்ந்து சாக்கடையிலும் பட்டறைக் குழியிலும் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமானாலே பற்றிக்கொள்ளும். வீடுகள் நெருங்கிய தெருவில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைத்து ஓட்டுவோர் உண்டு. இது சட்டப்படி குற்றம்; விஞ்ஞானப்படியும் தவறு. 14.2 கிலோகிராம் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், அது நிமிர்ந்து நின்று மேலிருந்து ஆவியைத் தருவதற்கென அமைந்தது. பெரிய எஞ்சின் கேட்கும் வேகத்தில் ஆவியை இழுத்தால் திரவம் குளிர்ந்து அமுக்கம் தாழ்ந்துவிடும். அதனால்தான் வண்டித் தொட்டியில் அடியிலிருந்து திரவத்தை எடுத்து, எஞ்சினின் வெந்நீரால் சூடேறும் கருவியில் ஆவியாக்குகிறார்கள். குழாய் அறுந்தால் தானே மூடும் வால்வும், எஞ்சின் நின்றவுடன் மூடும் மின்வால்வும், 80 சதவீத மிதவையும் வீட்டுச் சிலிண்டரில் இல்லை.

வாங்கும்போது தொட்டியில் ஐ.எஸ். 14899 என்னும் இந்தியத் தர எண்ணும், வரிசை எண்ணும், சோதனை செய்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று நோக்க வேண்டும். தொட்டியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே பழைய வண்டியிலிருந்து கழற்றிய தொட்டி மலிவாகக் கிடைத்தாலும், தேதியைப் பார்க்காமல் வாங்குவது கூடாது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் மாற்றத்தைக் குறித்துக்கொண்ட பின்பே வண்டியைச் சாலையில் ஓட்டலாம். முதன்முறை வாயு நிரப்பியதும் இணைப்புகள்தோறும் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு இதை மாதம் ஒருமுறையாவது திறந்த வெளியில் செய்து பார்ப்பது நலம்.