ரெண்டு ரப்பர் பேண்டும் ஒரு பழைய டயரும்

மக்களே, செமஸ்டர் முடிஞ்ச கையோட ஆக்லாந்துல இருந்து டௌப்போ ஏரிக்கு அஞ்சு பேர் கிளம்புறதா திட்டம். வண்டி நம்மளோடது. ஜப்பான்ல ஓடி ஓய்ஞ்சு இங்க இறக்குமதியானது. முந்தின நாள் வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனைக்குக் கொண்டுபோனா, மெக்கானிக் டயரைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ட்ரெட் 5 மி.மீ. இருக்கே, சட்டப்படி 1.5 போதுமே!"ன்னு வாதாடினேன் (மாஸ்டர்ஸ் படிக்கிற திமிர்). அவர் டயர்ல இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 0914. அதாவது 2014, ஒன்பதாவது வாரம். அப்புறம் ஒண்ணை ரிம்மிலிருந்து கழட்டி ஓரத்தை ரெண்டு கையாலயும் மடக்கினார். மயிரிழை மாதிரி இருந்த கீறல் எல்லாம் வாயைத் திறந்துச்சு. உள்ளே நூல் தெரிஞ்சுது. இதுல அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு நூறுல போயிருப்பேன்!

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சொந்த ஊர் குலசேகரம், சுத்திலும் ரப்பர் தோட்டம். வீட்டு பீரோவுல அம்மா ரசீதுக் கட்டுக்குப் போட்ட ரப்பர் பேண்ட் ஒரு வருஷத்துல பொட்டுனு அறுந்துடும். அதே பாக்கெட்டுல மிச்சம் கிடந்தது ஜம்முனு இருக்கும். வயசு ஒண்ணுதானே?

வில்லன் ஓசோன். பத்து கோடி பங்கு காத்துல ஒரு சில பங்கு இருந்தாலே போதும், ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை வெட்டிடும். சும்மா கிடக்கிற ரப்பர்ல மேல்தோல் மட்டும் கெட்டு, அதுவே உள்ளுக்குக் காவலாயிடும். இழுத்து வச்சிருந்தா வெட்டின இடம் விரியும், புதுத்தோல் வெளிய வரும், அதையும் வெட்டும். கீறல் எப்பவும் இழுத்த திசைக்குக் குறுக்கேதான் விழும். டயர்ல மெழுகு கலப்பாங்க, அது கசிஞ்சு படலமா மூடும். ஆனா நூறு கி.மீ. வேகத்துல சைடுவால் நிமிஷத்துக்கு எண்ணூறு தடவைக்கு மேல மடங்குது. படலம் தாங்குமா? அதனாலதான் ஓசோனைத் தடுக்கத் தனி ரசாயனமும் சேர்க்கிறாங்க.

அமுக்கினா கதையே வேற. மெல்போர்ன்ல 1889-ல ரயில் பாலத்துக்கு அடியில வச்ச ரப்பர் பட்டைகளை நூறு வருஷம் நெருங்குறப்போ பார்த்தாங்க. கெட்டுப்போயிருந்தது மேலாப்புல ஒரு மில்லிமீட்டர்தான்!

இந்த ஊர்க்காரர் பில் ராபின்சன் 1970-கள்ல ரப்பரையும் எஃகுத் தகட்டையும் அடுக்கி நடுவுல ஈயம் செருகி நிலநடுக்கத் தாங்கி செஞ்சார். வெலிங்டன்ல வில்லியம் கிளேட்டன் கட்டடம் 1981-லேர்ந்து அது மேலதான். 2001 நிலநடுக்கத்துக்கு அப்புறம் திரும்பக் கட்டின நம்ம பூஜ் ஆஸ்பத்திரிக்கு அடியிலயும் அதே சரக்கு. அமுக்கினாலும் ஓரம் பிதுங்குமே, அங்க இழுவிசை இருக்குமேனு கேட்பீங்க. சரிதான். அதுக்குத்தான் சுத்தி தனி ரப்பர் உறை போடுறாங்க.

நாலு டயருக்கு என் ரெண்டு வார வாடகை போச்சு. டௌப்போ போய் பத்திரமா வந்தாச்சு, படம் அடுத்த பதிவுல.

நேத்து அம்மாகிட்ட ரசீதுக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், நூல் போட்டுக் கட்டுங்கன்னேன். "இதைப் படிக்கவா மக்கா லோன் போட்டு அங்க போனே?"ங்கிறாங்க :-)