அணைக்க வேண்டியது யார்?

அரசு அலுவலகங்களின் ஆளில்லா அறைகளில் மின்விசிறி சுழல்வதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. மின்கட்டணம் செலுத்துவது அரசு. சுவிட்ச் இருப்பதோ ஊழியர் கையில். சேமிப்பின் பலன் அவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியைக் கம்பியில்லா உணரிகள் நிரப்பும். ஆள் நடமாட்டம் நின்றதும் அவை அனுப்பும் ரேடியோ சமிக்ஞை விளக்கையும் விசிறியையும் அணைத்துவிடும். சுவரை உடைத்து வயரிங் செய்ய வேண்டியதில்லை என்பதால், மடுகரை போன்ற சிற்றூர்களின் பழைய கட்டடங்களுக்கும் இவை பொருந்தும்.

மனிதரின் நினைவாற்றலை நம்பாமல் கருவியையே திருத்துவது நமக்குப் புதிதன்று. நட்சத்திரக் குறியீடு பெற்ற குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு.

ஆனால், ஒற்றை விசிறி சுழலும் அறையில் உணரியின் விலையே சேமிப்பை விழுங்கிவிடும். குளிர்சாதன அறைகளில் தொடங்குவதே சிக்கனம். செலவாவதும் மிச்சமாவதும் மக்களின் வரிப்பணமே.