கடைக்குள் நம் பாதையை யார் தீர்மானிக்கிறார்கள்?

செம்பவாங் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியுள்ள சன் பிளாசா கடைத்தொகுதியின் ஐந்தாம் தளத்தில் செம்பவாங் பொது நூலகம் இருக்கிறது. என்னைப் போன்ற மாணவர்கள் பலர் தேர்வுக் காலத்தில் அங்குதான் படிக்கச் செல்கிறோம். மின்படிக்கட்டில் ஏறினால் ஒவ்வொரு தளத்திலும் கடைகளைக் கடக்க வேண்டும். படிக்கப் போனவர்கள் கையில் பபிள் டீயுடன் திரும்புவது வழக்கமான காட்சி.

மக்கள் தேடி வரும் இடம் மேல்தளத்தில் இருந்தால், கீழ்த்தளக் கடைகளுக்கும் வியாபாரம் நடக்கும். பல கடைத்தொகுதிகளில் ஒரு மின்படிக்கட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லச் சுற்றி நடக்க வேண்டியிருப்பதும் இதற்காகத்தான். ஐக்கியாவில் தரையிலுள்ள அம்புக்குறிகள் நம்மைக் கடை முழுவதும் அழைத்துச் செல்கின்றன. குறுக்கு வழிகள் இருந்தாலும் தேடினால்தான் கண்ணில் படும்.

லிட்டில் இந்தியாவின் முஸ்தஃபா சென்டரில் வேறு விதமான கட்டுப்பாடு. வாடிக்கையாளர்களின் பைகளைப் பாதுகாவலர்கள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவது பலருக்கும் பழகிப்போன ஒன்று. திருட்டைத் தடுக்கும் எளிய வழி அது.

இவற்றால் நமக்கு இழப்பு கொஞ்சம் நேரமும் பணமும்தான். ஆனால், வெளியேறும் வழியில் கைவைத்தால் இழப்பு உயிராகலாம்.

பராகுவே தலைநகர் அசுன்சியோனில் 2004 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரு பேரங்காடி தீப்பற்றியது. பணம் செலுத்தாமல் யாரும் வெளியேறாதிருக்கக் கதவுகள் மூடப்பட்டதாக உயிர்தப்பியோர் கூறினர். 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சிங்கப்பூருக்கும் கசப்பான அனுபவம் உண்டு. 1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் கடை எரிந்தபோது ஒன்பது பேர் மாண்டனர். அவர்களில் எட்டுப் பேர் மின்தூக்கிகளில் சிக்கிக்கொண்டவர்கள். இன்று அவசர வழிகளைப் பூட்டுவதும் அடைப்பதும் தீப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இது கடை முதலாளிகளுக்கு மட்டுமான விஷயமன்று. நம்மில் பலர் விடுமுறையில் கடைகளில் பகுதிநேர வேலை செய்கிறோம். கிடங்கில் இடமில்லாதபோது சரக்குப் பெட்டிகள் முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் அவசரக் கதவின் முன்னால்தான். “கொஞ்ச நேரம்தானே” என்று மேலாளர் சொன்னாலும் வேறு இடம் கேளுங்கள். தொடர்ந்து அடைபட்டிருந்தால் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையிடம் தெரிவிக்கலாம்.

வாடிக்கையாளராகச் செல்லும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். தள்ளுபடிப் பலகையைப் பார்க்கும் கண்கள், பச்சை நிற ‘வெளியேறு’ விளக்கு எங்கே என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.