கோப்பையை மாற்றுமுன் கறையைப் பாருங்கள்

பஜாரில் உள்ள பழைய கடைகளின் பின்கட்டில் ஒரு கழிவறை இருக்கும். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் பதித்த பீங்கான் கோப்பை, ஒரு பித்தளைக் குழாய், சுவரோரம் சின்னதாக ஒரு வாஷ்பேசின். போர் தண்ணீர் பட்டுப் பட்டு எல்லாம் மஞ்சளும் காவியுமாக நிற்கும். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிடுகிறோம். கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடுகிறார். கஷ்டப்படுவதெல்லாம் காலையிலிருந்து இரவு வரை நின்று வேலை பார்க்கும் பிள்ளைகள்தான். அங்கே போக அருவருத்துப் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண் ஊழியர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

புதிதாக மாற்றலாமே என்றால், கோப்பையின் விலையோடு கணக்கு முடிவதில்லை. உடைக்க ஆள், கொத்தனார், பிளம்பர், சிமெண்ட், பழைய டைல்சுக்கு ஜோடி சேராத புது டைல்ஸ், போதாதென்று இரண்டு மூன்று நாள் கழிவறையே இல்லாத திண்டாட்டம். பீங்கானின் மேற்பூச்சு கெடாமல் இருந்தால் இத்தனையும் தேவையில்லை. நம் கடையிலேயே கிடைக்கும் சரக்கைக் கொண்டு சரி செய்துவிடலாம்.

முதலில் கறையின் ஜாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ சுண்ணாம்பு போலப் படிந்திருப்பது உப்புக்கறை. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நுரைக்கும். குழாய்க்கு நேர் கீழே கோடு போட்டதுபோல் செம்பழுப்பாக இருப்பது இரும்புக்கறை. பச்சையும் நீலமும் கலந்த கறை பித்தளை, செம்புச் சாமான்களிலிருந்து வருவது. டைல்ஸ் இடுக்கில் கறுப்பாக இருந்தால் பூஞ்சணம். ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இரும்புக்கறைமேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் வாராவாரம் பவுடர் வாங்கிப் போகிறவர்கள் பலர்.

உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்புதான் நம் சிபாரிசு. கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீரை முதலில் அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும். இரவு கடை சாத்தும்போது ஊற்றிவிட்டு, பக்கவாட்டில் நிற்காத இடங்களில் பழைய துணியைக் கரைசலில் நனைத்து ஒட்டிவிடுங்கள். காலையில் பிரஷ் போட்டால் பெரும்பகுதி வந்துவிடும். பல வருடத்துப் படிவம் ஒரே ராத்திரியில் போகாது. மூன்று நான்கு இரவுகள் செய்ய வேண்டியிருக்கும். பொறுமைக்கு விலை இல்லை என்பதால் சிக்கனமான வழி இதுவே.

முலாம் பூசிய குழாய்களுக்கு அதே கரைசலிலோ வினிகரிலோ நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் போதும். அதற்குமேல் விட்டால் முலாம் மங்கும். ஷவர் தலையைக் கழற்றி மக்கில் ஊற வைக்கலாம். முலாம் பூசாத பித்தளைக் குழாய்க்குப் புளியும் உப்பும் போதும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரும்புக்கறைக்கு ஆக்சாலிக் பவுடர் நன்றாக வேலை செய்யும். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கிப் போவார்களே, அதேதான். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, துணியால் ஒற்றிக் கால் மணி நேரம் கழித்துக் கழுவிவிட வேண்டும். ஆனால் இது விஷம். மளிகையும் சேர்த்து விற்கும் நம் அன்பர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம். எலுமிச்சை உப்பு சமையலுக்குப் போவது. ஆக்சாலிக் உயிருக்கு ஆபத்தானது. இரண்டும் பார்வைக்கு வெள்ளைப் பொடிதான். இரண்டையும் ஒரே அலமாரியில், பெயர் எழுதாத பொட்டலத்தில் வைத்திருக்கும் கடைகள் இன்றும் உண்டு. கடைப்பையன் அவசரத்தில் கை மாற்றி எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆக்சாலிக்கை வேறு பக்கத்தில், வேறு டப்பாவில், சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதி வையுங்கள். அளக்கும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

இனி ஆசிட். கறை என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். பாட்டிலில் வரும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் சுமார் 10 சதவீத அளவில் இருக்கிறது. லூசில் விற்பது அதைவிடப் பல மடங்கு கடுமை. கறை போவது உண்மை. கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டும் போகும். மொசைக் தரையிலும், மார்பிளிலும், கடப்பா கல்லிலும் பட்டால் கல்லையே அரிக்கும், ஏனென்றால் இவற்றில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்துதான். எவர்சில்வர் சாமான் புள்ளி விழுந்துவிடும். குடோனில் ஆசிட் பாட்டில் அடுக்கிய இடத்தில் இரும்பு ராக்குகள் துருப்பிடிப்பதை மொத்த வியாபாரிகள் எல்லோரும் அறிவோம். அந்த ஆவிதான் துப்புரவு செய்கிறவரின் மூச்சிலும் போகிறது.

இதைவிடக் கொடுமை, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவது. 'இரண்டும் சேர்ந்தால் பளிச்சென்று ஆகும்' என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் 1915இல் ஜெர்மானியர்கள் எதிரிகளின்மேல் விட்டது இந்த வாயுவைத்தான். எங்கள் தெருவில் ஒரு கடையில் ஜன்னல் இல்லாத கழிவறையில் ஒரு பையன் இப்படிச் செய்து, இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தான். எலுமிச்சை உப்பும் வினிகரும்கூட அமிலம்தான் என்பதால் அவற்றோடும் பிளீச்சிங் சேரக்கூடாது. பூஞ்சணத்துக்குப் பிளீச்சிங் போட வேண்டுமானால், நன்றாகக் கழுவிவிட்டு வேறொரு நாளில் போடுங்கள். வாடை கிளம்பிவிட்டால் கதவைத் திறந்துவிட்டு ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே ஆசிட் தெறித்தால் குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆசிட் விற்கும் அன்பர்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, வாங்குபவர் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக்கூடாது. அரசு வழங்கிய போட்டோ அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், எதற்கு வாங்குகிறார் என்று கேட்டுக் குறிக்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. இருப்பையும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பழகிய வாடிக்கையாளர்தானே என்று பழைய கலர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது வேண்டாம். தாகத்தில் எடுத்துக் குடிக்கிறவர்களுக்குப் பாட்டிலைப் பார்த்தால் பானம் என்றுதானே தோன்றும்!

கறை போன பிறகும் நாலு நாளில் திரும்ப வந்தால் இரண்டு காரணம். ஒன்று, மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. மணலும் செங்கல் பொடியும் இரும்பு நாரும் போட்டு வருடக்கணக்கில் தேய்த்த கோப்பை சொரசொரப்பாகிவிடும். காய்ந்தபின் விரலால் தடவினால் தெரியும். அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். மற்றது, குழாய் ஒழுகுகிறது. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர்தான் கோடு போடுகிறது. சில ரூபாய் வாஷர் ஒன்று மாற்றினால் நின்றுவிடும். கறைக்கு மருந்து கேட்டு வருகிற வாடிக்கையாளரிடம் குழாய் ஒழுகுகிறதா என்றும் கேட்டு, வாஷரையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.