வேலைப் பட்டியலில் இல்லாத வேலை

கொடி பிடிக்காமல், கோஷம் போடாமல் தொழிற்சங்கங்கள் நடத்தும் ஒரு போராட்டம் உண்டு: விதிப்படி வேலை. யாரும் வேலையை நிறுத்துவதில்லை. விதிப்புத்தகத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் செய்வார்கள்; அதற்கு மேல் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டார்கள். அவ்வளவுதான், ரயில்கள் தாமதமாகும், கோப்புகள் தேங்கும். எல்லாரும் கடமையை மட்டும் செய்தாலே நிர்வாகம் நொண்டியடிக்கும்!

அப்படியானால் மற்ற நாட்களில் அதை ஓட்டுவது எது? புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது, லீவு போட்டவரின் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது போன்ற, யாரும் கணக்கில் எழுதாத உதவிகள்தான். 1980களில் டென்னிஸ் ஆர்கன் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இதை ஆராயத் தொடங்கினார்கள். மனநிறைவோடு இருப்பவர் உற்பத்தியைக் கூட்டுவார் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கூடுதல் உதவிகளுக்கும் மனநிறைவுக்கும், குறிப்பாக 'என்னை நியாயமாக நடத்துகிறார்கள்' என்ற எண்ணத்துக்கும் தொடர்பு தெரிந்தது.

நியாயம் மட்டும் போதுமா? ஆய்வாளர் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார். கோமாவில் கிடந்த நோயாளிகளின் அறைகளைச் சுத்தம் செய்த ஒரு பெண், சுவரிலிருந்த படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டிவந்தாராம். அந்த மாற்றம் அவர்களுக்குள் எதையாவது தட்டி எழுப்பாதா என்று ஒரு நப்பாசை. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை; அந்த நோயாளிகளுக்காகச் செய்தார்.

தன் உழைப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஆடம் கிராண்ட் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு அதை அளந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படித்த ஒரு மாணவரோடு ஐந்தே நிமிடம் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. திரட்டிய தொகை 171 சதவீதம். சம்பளத்தில் ஒரு காசு ஏறவில்லை.

இதைப் படித்துவிட்டு 'செலவில்லாத வித்தை' என்று மேலாளர்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். மேட்லின் ஹைல்மன், ஜூலி சென் இருவரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு சொல்வது: ஒரே உதவியைச் செய்தால் ஆணுக்கு மதிப்பெண் கூடுகிறது, பெண்ணுக்குக் கூடுவதில்லை. அவள் மறுத்தால் மட்டும் குறைகிறது. அடுத்த முறை ஊதிய உயர்வுப் பட்டியல் போடும்போது, யார் உதவியை நாம் உதவியாகவே எண்ணாமல் விட்டோம் என்று ஒருமுறை பாருங்கள்.