வீட்டுக்குள்ளே ஒரு புதையல் வேட்டை

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் ஓடியாட முற்றம் ஏது? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது வீட்டுக்குள்ளேயே புதையல் வேட்டை நடத்தலாம். தொல்காப்பியம் ‘பிசி’ எனக் குறிப்பிடும் விடுகதையே அதற்கு வழிகாட்டி.

முறுக்கு டின்னை ஒளித்து வைத்து, கடைசியிலிருந்து தொடங்குங்கள். அவ்விடத்தைச் சொல்லும் சீட்டை எழுதி, வேறோர் இடத்தில் மறையுங்கள். அந்த இடத்தை அதற்கு முந்திய சீட்டு சொல்லட்டும். ஆறு சீட்டுகள் போதும். முதல் சீட்டைக் கையில் கொடுங்கள். அடுப்பருகே எதையும் வைக்காதீர்கள்.

“திறந்தால் விளக்கெரியும், தொட்டால் குளிரும்” என்றால் குளிர்பதனப் பெட்டி. “கல்மேல் கல் உருளும், மிளகாய் மசியும்” என்றால் அம்மி.

தமிழ்ப்பள்ளியில் படித்தவரையும் தேசியப் பள்ளியில் படித்தவரையும் இணையாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் தேடட்டும். அம்மி தெரியாத பிள்ளை பாட்டியிடம்தான் ஓடும். தமிழ்ப் பேச்சு அங்கே தொடங்கட்டும்.